குற்றாலம் ரோட்டு மடை

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற ரோட்டில், அருவிக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது, அந்தக் காலத்தில் ஒரு பெரிய வளைவு இருந்தது. சாரல் மாதங்களில் மோட்டார் பஸ்கள் அந்த வளைவில் திரும்பும்போது, எதிரே வருகிற வண்டிமாடுகள் மிரண்டு வயலுக்குள் இறங்கிவிடும். இரண்டு தடவை வண்டி குடை சாய்ந்தது. அதனால் ரோடுகளைக் கவனிக்கிற ஜில்லா போர்டார் வளைவை நிமிர்த்தி ரோட்டை நேராகப் போட முடிவு செய்தார்கள். முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், வைகாசிக் கடைசியில் முளை அடித்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. நானும் நல்ல காரியம் என்றுதான் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

அதில் குறை இருக்கிறது என்று முதலில் கண்டவள் என் மதினி. அண்ணன் இறந்து அப்போது நாலு வருஷம். அவள் அப்பா சீதனமாகக் கொடுத்த ஆறு மரக்கால் விதைப்பாடு, சுமார் அரை ஏக்கர் நிலம் அந்த வளைவுக்குத் தெற்கே இருந்தது. பட்டா அவள் பேரிலேயே இருந்தது. அவளும் இரண்டு பெண்களும் சாப்பிடுவது அந்த நிலத்தின் விளைச்சலில். ஆனி பிறந்த மூன்றாம் நாள் மத்தியானம், காலில் சேறு காயாமல் என் வீட்டுக்கு வந்தாள்.

"கொழுந்தனாரே, ரோட்டுல முளை அடிச்சிருக்காவ. எங்க மடையைக் காணோம்."

"மடை எங்க மதினி போவும்?"

"இப்ப இருக்கு. புது ரோட்டுல இல்ல. ஓவர்சியர் கையில இருந்த படத்துல ஒரே ஒரு மடைதான் போட்டிருக்கு, அதுவும் வடக்க. வடக்கு வயல் பள்ளம். எங்க வயல் மேடு. தண்ணி ஏணி வச்சா ஏறும்?"

வாய்க்கால் ரோட்டுக்கு மேற்கே ஓடுகிறது. வயல்கள் கிழக்கே. ரோட்டுக்கு அடியில் கல் வைத்துக் கட்டிய இரண்டு மடைகள் வழியாகத்தான் தண்ணீர் கிழக்கே பாயும். தெற்கு மடை சின்னது. சாரல் நாளில் புல் மூடிக் கிடந்தால் ரோட்டில் போகிறவனுக்குக் கண்ணில் படாது. படம் வரைந்தவருக்கும் படவில்லை. அதை அடைத்துவிட்டால் அதில் பாய்கிற வயல்கள், தெற்குப் புரவு முழுவதும் தரிசு.

நான் அப்போது தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அதனால் போர்டு ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவைப் பார்ப்பது கஷ்டமில்லை. அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"படம் பாஸ் ஆயிட்டு வே. இனி காகிதம் எழுதி நீட்டினா ஆகாது. போன தடவை ஒரு மகஜர்ல செத்துப்போன மூணு பேரு கையெழுத்துப் போட்டிருந்தாவ. அதுலருந்து பிரசிடெண்டு ஒரு ரூல் வச்சிருக்காரு. ஓவர்சியர் ஸ்தலத்துக்கு வருவாரு. அந்த மடையில பாயுத பட்டாதார்ல பாதிக்கு மேல நேர்ல வந்து வாக்குமூலம் குடுத்தா படத்தைத் திருத்துவாவ. இல்லேன்னா இருக்கது இருக்கதுதான்."

தெற்கு மடையில் பாய்கிற பட்டாதார்கள் பதினைந்து பேர். எட்டுப் பேர் வர வேண்டும். எங்கள் பக்கம் இருந்தவர்கள் மதினியோடு ஆறு பேர். மற்ற ஒன்பது பேருக்குச் செங்கோட்டையிலும் புளியறையிலும் வீடு. அன்று அது திருவிதாங்கூர் ராஜ்யம். நிலம் பிரிட்டிஷ் எல்லைக்குள், அடுப்பு மகாராஜா எல்லைக்குள்; நடவுக்கும் அறுப்புக்கும் வந்து போவார்கள்.

ஆனி மாதம் பாதியில் போர்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. அதில் இங்கிலீஷ் தேதிதான் இருந்தது. நாற்றுப் பாவுகிறவர்களுக்கு இங்கிலீஷ் தேதி மனதில் நிற்காது என்று, பஞ்சாங்கத்தைப் பிரித்து நானே தமிழ்த் தேதி கண்டு, ஒன்பது பேருக்கும் ஒன்பது கடிதம் எழுதினேன். "ஆடி மாதம் 12-ந் தேதி காலை எட்டு மணிக்கு மடை இருக்கும் இடத்துக்குத் தவறாமல் வந்து சேர வேண்டியது." கிழமை போடவில்லை. தேதியைச் சுத்தமாகப் போட்டபின் கிழமை எதற்கு, தேதி தெரியாதவன்தான் கிழமையைக் கேட்பான் என்று எனக்கு ஒரு இறுமாப்பு உண்டு. ரயிலில் செங்கோட்டைக்குப் போய்வரும் வெற்றிலை வியாபாரி கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்பது பேரும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நாள் வந்தது. காலை ஏழேமுக்காலுக்கு நானும் மதினியும் மடையடியில் இருந்தோம். சாரல் விட்டுவிட்டு விழுந்தது. உள்ளூர்ப் பட்டாதார்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அதில் எல்லாரும் மீசை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஒருவர் சைக்கிளில் வந்தார். ஓவர்சியர் எட்டு மணிக்குக் குடையோடு வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். அவரோடு அளவுச் சங்கிலி பிடிக்கிற சங்கிலிக்காரர்கள் இரண்டு பேரும், போர்டு மெம்பர் ஒருவரும். மெம்பருக்கு வடக்குப் பள்ளத்தில் நிலம். தெற்கு மடை அடைபட்டால் அந்தத் தண்ணீரும் வடக்கே போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

எட்டேகால். எட்டரை. செங்கோட்டைப் பக்கமிருந்து எந்த வண்டி வந்தாலும் நான் எழுந்து நின்றேன். சீசனுக்கு வருகிறவர்களின் வண்டிகள்தான் வந்தன.

"எத்தனை பேரு?" என்றார் ஓவர்சியர்.

"ஆறு பேரு இருக்கோம். ஒன்பது பேரு வந்துக்கிட்டிருக்காவ."

"எங்கன வந்துக்கிட்டிருக்காவ? வானத்துலயா?" என்றார் மெம்பர் வண்டிக்குள்ளிருந்து.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் பலாப்பழம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று செங்கோட்டைப் பக்கமிருந்து வந்தது. நான் நிறுத்தினேன்.

"வழியில நம்ம பட்டாதார்மாரு யாரும் வாராவளா? மடைக் காரியத்துக்கு?"

வண்டிக்காரன் சிரித்தான். "அதுக்கா? எங்க மாமாவுக்கும் அதுல நிலம் உண்டே. நாளைக்கில்லா வண்டி பூட்டச் சொல்லியிருக்காவ."

"நாளைக்கா? இன்னைக்குல்லா ஆடி பன்னெண்டு?"

"இன்னைக்குப் பதினொண்ணு வே. காலம்பறதான் சவுக்கையில சீட்டு வாங்கினேன். பாரும்."

மடியிலிருந்து திருவிதாங்கூர் சுங்கச் சாவடியின் சீட்டை எடுத்து நீட்டினான். கர்க்கடகம் 11 என்று மையில் எழுதியிருந்தது.

சீட்டை இரண்டு தடவை வாசித்துத் திருப்பிக் கொடுத்தேன். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போவதை வைத்துத்தான் இரண்டு பக்கமும் மாதம் பிறக்கிறது. எங்கள் கணக்கில் அது சூரியன் மறையும் முன் நடந்தால் அன்றே முதல் தேதி. மலையாளக் கணக்கில் உச்சி கழிந்து சற்று நேரத்துக்குள் நடக்க வேண்டும். தாண்டிவிட்டால் மறுநாள்தான் முதல் தேதி. அந்த வருஷம் ஆடி சாயங்காலம், சூரியன் மறைவதற்குள் பிறந்தது. ஆகவே எங்களுக்கு அன்றே முதல் தேதி, அவர்களுக்கு மறுநாள். செங்கோட்டைக்காரர்கள் கர்க்கடகத்தையும் ஆடி என்றுதான் சொல்வார்கள். பேர் ஒன்று, தேதி வேறு. கச்சேரி, சாவடி, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் கணக்கில் நடப்பதால் அவர்கள் அதையே பார்ப்பார்கள்.

இது எனக்குத் தெரியாததல்ல. என் நாட்குறிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மூன்று தேதி போடுகிற வழக்கம்: இங்கிலீஷ், தமிழ், மலையாளம். அன்று விடியற்காலையில் கூட ஆடி 12, கர்க்கடகம் 11 என்று பக்கத்தில் பக்கத்தில் என் கையாலேயே எழுதிவிட்டுத்தான் புறப்பட்டிருந்தேன். கடிதம் எழுதியது ஆனியில். அந்த மாதம் இரண்டு கணக்கும் ஒன்றாக ஓடின. அதற்குப் பிறகு தினமும் கை எழுதியது, புத்தி பார்க்கவில்லை.

மதினி என்னைப் பார்த்தாள். "நீங்கதான கொழுந்தனாரே எழுதினிய?"

"ஆமா."

"கிழமை போடலியா?"

"போடல."

அவள் ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். வைதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மெம்பர்தான் பேசினார். "வக்கீல் குமாஸ்தாவுக்கு வாய்தா வாங்கித்தான பழக்கம்? இங்கனயும் ஒரு வாய்தா கேப்பாரு, பாருங்க."

கேட்கத்தான் செய்தேன். ஓவர்சியர் தலையை ஆட்டினார். "நாளைக்கு நான் அம்பாசமுத்திரத்துல இருக்கணும். பதினோரு மணி வரை இங்கன இருப்பேன். அதுக்குள்ள எட்டுப் பேரு ஆச்சுன்னா எழுதுதேன். இல்லேன்னா ஆறு பேருன்னு எழுதிட்டுக் கிளம்புதேன்."

மீசை அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். "முதல்ல என் வாக்குமூலத்தை எழுதுங்க. நான் போய் ஆளைக் கூட்டியாரேன். எனக்கு வீடு தெரியும்." எழுதி, கையெழுத்து வாங்கியானதும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டார்; இனி அவர் இங்கே நிற்க வேண்டியதில்லை. ஒன்பது ஐந்துக்குச் சைக்கிள் புறப்பட்டது. செங்கோட்டைக்கு ஐந்து மைல். போவது சுலபம். ஆளைத் தேடி, வண்டி பிடித்துத் திரும்பி வர வேண்டும். எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் போயிருப்பேன்.

அடுத்த நாலு பேரும் கடகடவென்று சொல்லி முடித்தார்கள். வாக்குமூலம் முடியாமல் ஓவர்சியர் கிளம்ப முடியாது; நிதானமாகச் சொல்லுங்கள் என்று கண்ணால் காட்டினேன், யாருக்கும் புரியவில்லை. ஒருவர் நாற்று வாடுகிறது என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டு மடமடவென்று வயலுக்குப் போனார். பத்து மணிக்கு மதினி ஒருத்திதான் பாக்கி.

நான் பட்டாதார் இல்லை, பேசக்கூடாது. ஆனால் அவள் பக்கத்தில் நின்று ஒன்று மட்டும் சொன்னேன்: "எழுதினதை வாசிச்சுக் காட்டாம கைநாட்டு வைக்காதிய மதினி. வாசிச்சுக் காட்டணும்னு விதி."

"அப்படி ஒரு விதி இருக்கா?"

"இருக்கு."

அவள் ஓவர்சியர் முன்னால் குடைக்கு வெளியே நின்று, நிலம் எப்படி வந்தது, எந்த வருஷம் எவ்வளவு விளைந்தது, தண்ணீர் எந்தக் கல்லைத் தொட்டு எந்த வயலுக்கு முதலில் போகும் என்று சொன்னாள். அவர் எழுதி முடித்து வாசித்தார்.

"மேற்படி மடை அடைபட்டால் எனது நிலத்துக்கு நீர்வரத்துக் குறையும்."

"குறையாது."

ஓவர்சியர் நிமிர்ந்தார். "குறையாதா? பின்ன எதுக்கம்மா ஆட்சேபணை?"

"குறையாது, நின்னு போவும். நின்னு போவும்னு எழுதுங்க."

அடித்து எழுதினார். மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தார்.

"மேற்படி, மேற்படின்னு வருதே, அது யாரு?"

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஓவர்சியருக்கும் உதடு அசைந்தது. "மேல சொன்ன மடைன்னு அர்த்தம்."

"அப்ப தெக்கு மடைன்னே போடுங்க. வடக்கேயும் ஒரு மடை இருக்கு. நாளைக்கு எந்த மேற்படின்னு யாரு கண்டா?"

மணி பத்தரை. ரோட்டில் ஒன்றும் இல்லை. மெம்பர் வண்டியை விட்டு இறங்கி வந்துவிட்டார்.

"புதிய ரோட்டிலும் தெற்கு மடை வைக்க வேண்டியது" என்று ஓவர்சியர் கடைசி வரியை வாசித்தார்.

"எந்த மட்டத்துல வைக்க?"

"மட்டமா?"

"ஆமா. அடியில கிடக்க தளக்கல்லு எந்த மட்டத்துல இருக்கோ, அதே மட்டத்துல. அதை எழுதலியே."

"பொம்பளைக்கு மட்டம் எதுக்கு? கல்லு வச்சாப் போதாதா?" என்றார் மெம்பர்.

"மெம்பர் அண்ணாச்சி வயலு பள்ளத்துல கிடக்கு. தண்ணி தானா உருண்டு வரும். மேட்டுல கிடக்கவளுக்கு மட்டம் வேணும்."

ஓவர்சியர் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பேனாவை மூடினார். சங்கிலிக்காரர்களைக் கூப்பிட்டு, புல்லைச் செதுக்கச் சொல்லி, மடைக்குள் குனிந்து பார்த்தார். எதிலிருந்து அளப்பது என்று சுற்றிப் பார்த்தார். வயல் ஓரத்தில் ஒரு மைல்கல் இருந்தது. புது ரோடு போட்டாலும் அதை எடுக்கப் போவதில்லை. அதன் தலையிலிருந்து கயிறு பிடித்து, கோல் இறக்கி, தளக்கல் வரை அளந்தார்கள். இரண்டு தடவை அளந்தார்கள். முதல் தடவை கயிறு தொய்ந்துவிட்டது. தொய்ந்ததைக் காட்டியதும் மதினிதான்.

மணி பதினொன்று ஆயிற்று. என் கடிகாரத்தை மூடி மூடித் திறந்தேன். ஓவர்சியரும் தம் கடிகாரத்தைப் பார்த்தார். அளவை எழுதினார்.

"அம்மா, எழுதியாச்சு. கைநாட்டு வைங்க."

"வாசிங்க."

வாசித்தார். மதினி கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தாள். காகிதத்துக்கு மேலே விரல் நின்றது. சாரல் ஒரு துளி அந்த விரலில் விழுந்து மை வழிந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி மையைத் தொட்டாள்.

"என்ன இது கூத்து? மணி பதினொண்ணு தாண்டியாச்சு. ஆறு பேருன்னு எழுதிட்டு வாருமய்யா" என்றார் மெம்பர்.

அப்போதுதான் செங்கோட்டைப் பக்கம் சலங்கைச் சத்தம் கேட்டது. குதிரைவண்டி. முன்னால் மீசை அண்ணாச்சி சைக்கிளில், நனைந்து. வண்டியிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் நாற்றங்காலிலிருந்து அப்படியே வந்திருந்தார். சட்டை இல்லை, முழங்கால் வரை சேறு. இறங்கியதும் அவர் கேட்டது:

"எவன்வே அந்தத் தேதி எழுதினது?"

"நான்தான்" என்றேன்.

"நல்ல ஆளு வே நீரு!"

மெம்பர் குறுக்கே வந்தார். "நேரம் முடிஞ்சுட்டு. இனி எழுதக்கூடாது."

ஓவர்சியர் மதினியின் கையைக் காட்டினார். "அம்மா இன்னும் கைநாட்டு வைக்கலியே. வச்சாத்தான் இந்த ஸ்தல மகஜர் முடியும்." பிறகு புது ஆட்களைப் பார்த்து, "பட்டா கொண்டாந்திருக்கியளா? வாங்க" என்றார்.

மூன்று பேரையும் எழுதினார். ஒன்பது ஆயிற்று. எல்லாருக்கும் பிறகு மதினி விரலை வைத்தாள். வைத்ததும் வாய்க்கால் ஓரம் போய் உட்கார்ந்துவிட்டாள். விரலில் இருந்த மையைத் தண்ணீரில் கழுவினாள். 

மறுநாள், அவர்களுடைய பன்னிரண்டாம் தேதி, நான் வக்கீலிடம் லீவு சொல்லிவிட்டு எட்டு மணிக்கே மடையடியில் நின்றேன். மீதி ஆறு பேரும் சொன்ன நேரத்துக்கு, வண்டி கட்டி, கட்டுச்சோற்றோடு வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். புளியறையிலிருந்து வந்தவர் ரொம்ப தூரம் வந்தவர். "எட்டு மைல் மாட்டை அடிச்சு வந்து மைல்கல்லைப் பாத்துட்டுப் போகவா?" என்று வைதார். சோற்றை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டார்கள். என்னையும் சாப்பிடச் சொன்னார்கள். 

படம் திருத்தப்பட்டது. பங்குனியில் ரோட்டு வேலை மடை வரைக்கும் வந்தது. கொத்தனார்கள் தோண்டும்போது பாறை தட்டியது. அதை உடைக்க மனமில்லாமல், பாறை மேலேயே தளக்கல்லைப் பரப்பிவிட்டார்கள். பழைய மட்டத்தைவிட ஒரு சாண் உயரம். மதினி தினமும் அங்கே போய்ப் பார்த்துக்கொண்டிருந்ததால் அன்றே கண்டுபிடித்தாள். கண்டிராக்டர் சொன்னார்: "மடை வேணும்னு கேட்டிய, வச்சாச்சு. ஒரு சாண்ல என்ன வந்துட்டு?"

ஒரு சாணில் எல்லாமே வந்துவிடும். வாய்க்காலில் வெள்ளம் வருகிற நாளில் மட்டும் தண்ணீர் பாயும். மற்ற நாளில் பாயாது. நான் போர்டு ஆபீஸுக்குப் போய்த் தலைமைக் குமாஸ்தாவிடம் மகஜரை எடுக்கச் சொன்னேன். ஒன்பது வாக்குமூலத்தில் எட்டில், மடை வைக்க வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. அந்த எட்டும், உள்ளூர்க்காரர்களுக்கு நேரிலும் மற்றவர்களுக்குக் கடிதத்திலும் நான் முன்கூட்டி எழுதிக் கொடுத்துச் சொல்லச் சொன்ன வாசகம். மட்டம் என்கிற சொல் எனக்குத் தோன்றவே இல்லை. மதினியுடைய ஒன்றில்தான் மைல்கல் தலையிலிருந்து தளக்கல் வரை அளவு இருந்தது, ஓவர்சியரின் கையெழுத்தோடு. ஓவர்சியர் வந்து கயிறு பிடித்தார். கண்டிராக்டர் முணுமுணுத்துக்கொண்டே பாறையை உடைத்தார். மூன்று நாள் ஆயிற்று.

அன்று நேரத்தைக் கடத்தத்தான் மட்டத்தைக் கேட்டாளா என்று மதினியிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"நேரம் போக்கவா? மட்டம் இல்லாம மடை எதுக்கு?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

அடுத்த ஆனி பிறந்து ஆறாம் நாள் சாரல் கட்டியது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று ஆள் வந்து சொன்னதும் கச்சேரி வேட்டியோடு போனேன். தெற்குப் பட்டாதார்கள் எல்லாரும் புது ரோட்டில் நின்றார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஏறி, மடை வாய்க்கு வந்து, சருகோடு சுழன்று நின்றது. உள்ளே போகவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். எனக்கு அது நீளமான நிமிஷம். மீசை அண்ணாச்சி கோலை விட்டுக் குத்தினார். ஒரு கற்றை கொடி பிய்ந்து உள்ளே போயிற்று. மறுபக்கம் எல்லாரும் ஓடினோம். முதலில் நுரை வந்தது, பிறகு கலங்கல் தண்ணீர்.

மதினி அதற்குள் தன் வயலில் இறங்கி மண்வெட்டியோடு நின்றாள். தண்ணீர் ஒரு பக்கமாக உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குத் திரும்பியது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? அந்த வரப்புல மண்ணை வையுங்க!" என்று கத்தினாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.